இடப்பக்கத் திருப்பம் படிந்துவிட்டது

பனிச்சறுக்குத் (ஸ்கீ) திருப்பங்களை ரோட்டில் இன்லைன் ஸ்கேட் (ஒரே வரிசையில் வீல் வைத்த காலணி) மாட்டிப் பழகுகிறேன். ஒருவழியாக இடப்பக்கம் திரும்பும்போதும் வெளிக்காலில், அதாவது வளைவின் வெளிப்பக்கக் காலில், பாரம் ஏற்றி நிற்க வந்துவிட்டது. சாட்சிக்கு ஆள் வேண்டாம், வீலே போதும். போன தடவை கழற்றியபோது இடது ஸ்கேட்டில் உள்விளிம்பு, வெளிவிளிம்பு இரண்டும் தேய்ந்திருந்தன. வலது ஸ்கேட்டின் உள்விளிம்போ கடையில் வாங்கிய மினுமினுப்போடு அப்படியே இருந்தது. இடப்பக்கம் திரும்பினால் பாரம் வலது காலுக்கு வர வேண்டும். வராமல் உள்காலான இடது காலிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். இப்போது இரண்டு உள்விளிம்பும் ஒன்றுபோலத் தேய்கின்றன. வீல்களையெல்லாம் திண்ணையில் வரிசையாக வைத்து ரசித்ததை வீட்டில் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

பழகும் இடம் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து உள் ரோடு. காலைப் பனி காயாமல் இறங்கினால் ஈரத் தாரில் வீல் வழுக்கும். கேட்டுக்கு (ஸ்கீ பந்தயத்தில் சுற்றித் திரும்ப வேண்டிய கம்பம்) பதில் பாதியாக அறுத்த டென்னிஸ் பந்து, எட்டு மீட்டருக்கு ஒன்று. கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் ஸ்கீ பந்தய விதியில் 6 முதல் 13 மீட்டர் வரை இடைவெளி வைக்கலாம்.

வில்லங்கம் எல்லாம் ஒரு திருப்பம் முடிந்து அடுத்தது பிறக்கும் அந்த இடத்தில்தான். கேட்டுக்குப் பக்கத்தில் வந்த பிறகு மிதித்தால், பாரம் கேட்டைத் தாண்டித்தான் வந்து சேரும். அடுத்த கேட்டுக்கு இன்னும் கீழே, அதற்கடுத்ததற்கு இன்னும் தாமதம். கடைசியில் ரோட்டோர ஓடைதான். கால் இறக்கத்தைப் பார்த்துத் திரும்பும் முன்பே புது வெளிக்கால் பாரம் ஏந்தியிருக்க வேண்டும்.

எனக்குக் கைகொடுத்தது பழைய பயிற்சி ஒன்று: இடப்பக்கம் திரும்பும்போது வலது கையால் வலது முழங்காலின் வெளிப்பக்கத்தைத் தொடுவது. கை இறங்கினால் இடுப்பு தானாக உள்ளே போகிறது, தோள் உள்ளே சரியாமல் மட்டமாக நிற்கிறது. தொட்டுவிட்டு உடனே எடுத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வளைவு முடியும் வரை கை அங்கேயே இருக்க வேண்டும். வீடியோ எடுத்துக் கொடுக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி, "அண்ணா, இடுப்புப் பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு" என்றான். இருக்கட்டும்.

அமெரிக்க ஸ்கீ வீரர் டெட் லிகட்டி 2012-ல் ஆஸ்திரியாவின் சோல்டனில் ஓடிய ஓட்டத்தை மறுபடி பார்த்தேன். அந்த சீசனில்தான் ஆண்கள் ஜயண்ட் ஸ்லாலத்தில் (கேட்டுகள் இன்னும் தள்ளித் தள்ளி நிற்கும் பந்தயம்) ஸ்கீயின் பக்க வளைவின் ஆரத்தை 27 மீட்டரிலிருந்து 35 ஆக்கினார்கள். அதாவது ஸ்கீ சுலபத்தில் வளையாது. எல்லோரையும்விட அதிகம் புலம்பியவர் அவர், ஜெயித்தது 2.75 விநாடி வித்தியாசத்தில்! கேட்டுக்கு வெகு மேலேயே விளிம்பை ஊன்றிவிடுகிறார்.

ஒன்று மட்டும் ரோட்டில் கிடைக்காது. ஸ்கீயின் நடுப்பகுதி ஒடுங்கியிருப்பதால் சாய்த்து அழுத்தினால் வில்லாக வளைந்து தானே திரும்பும். 30 மீட்டர் ஆர ஸ்கீயை 60 டிகிரி சாய்த்தால் வளைவு கிட்டத்தட்ட 15 மீட்டருக்கு வந்துவிடும். ஸ்கேட்டுக்கு அந்த வித்தை தெரியாது, நாம்தான் திருப்ப வேண்டும். பாரம் மாற்றும் நேரத்தைப் பழக மட்டும் இது போதும்.

வீல் 80 மில்லிமீட்டர், கடினம் 85ஏ. பெங்களூரிலிருந்து வரவழைக்கிறேன், கோயம்புத்தூரில் கிடைப்பதெல்லாம் குழந்தைகள் ஓட்டும் ரகம், இந்த இறக்கத்துக்கு ஒரு மாதம் தாங்காது. ஜனவரியில் ஸ்கீ ஓட்டக் காஷ்மீரின் குல்மர்க் போகக் காசு சேர்க்கிறேன். அதற்குள் பந்துகளை ஒன்றுவிட்டு ஒன்று இன்னும் ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். வலப்பக்கம் இதெல்லாம் கேட்காமலேயே வருகிறது, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.