கொம்பிரசரை மட்டும் மாற்றினால் போதாது

கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் மட்டக்களப்பில் ஏசி இல்லாத காரில் நடுப்பகலில் பயணிக்க யாருக்கும் மனம் வராது. எங்கள் கார் ஏசியின் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசர் இறுகிப்போனது அப்படியொரு காலத்தில்தான். புதியதைப் பூட்டிக் கேஸ் ஏற்றினால் வேலை முடிந்தது என்றே பலரும் சொன்னார்கள். கல்முனை வீதியில் கராஜ் வைத்திருக்கும் ஒருவர் மட்டும், பழைய கொம்பிரசரைக் கழற்றியதும் அதிலிருந்த ஒயிலை ஒரு வெள்ளைத் தாளில் ஊற்றிக் காட்டினார். கறுத்த ஒயிலுக்குள் அலுமினியத் துகள்கள் மினுங்கின.

“தம்பி, இந்தத் தூளை உள்ளுக்கு வெச்சுக்கிட்டுப் புதுசப் பூட்டினா அதுவும் போயிரும்” என்றார்.

தேய்ந்து உதிரும் துகள்கள் கேஸோடு சேர்ந்து, அதன் சூட்டை வெளியேற்றும் கொண்டென்சர் வரை போய்விடும். இக்காலக் கொண்டென்சர்களின் துளைகள் மிக நுண்ணியவை. எவ்வளவு கழுவினாலும் துகள் முழுதாக வெளியேறாது என்பதால், அதையும் மாற்றிவிடுவதே நல்லது. கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே குடியிருப்பவர்கள் இதை வீண்செலவென்று எண்ண வேண்டியதில்லை. உப்புக்காற்று அதன் தகடுகளை எப்படியும் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஈரத்தை உறிஞ்சும் டிரையரும், குழாய் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங்குகளும் புதிதாகவே இருக்க வேண்டும்.

ஒயிலில்தான் கூடுதல் கவனம் தேவை. பெல்ட்டில் ஓடும் கொம்பிரசர்களுக்குப் பெரும்பாலும் பிஏஜி (PAG) வகை ஒயில் ஊற்றுவார்கள். ஹைபிரிட் கார்களின் மின்கொம்பிரசருக்குள் உயர் மின்னழுத்தச் சுருள்களே ஒயிலில் நனைந்தபடி இருப்பதால், மின்காப்பைக் கெடுக்காத பிஓஈ (POE) வகை ஒயிலையே பயன்படுத்த வேண்டும். அதில் பிஏஜி கலந்தால் மின்கசிவு ஏற்பட்டு, ஏசி மட்டுமல்லாமல் காரே நின்றுபோகக்கூடும்.

எல்லாம் பூட்டிய பின் வெக்யூம் பம்ப் போடுவது காற்றை அகற்ற மட்டுமன்று. உள்ளே வெற்றிடம் 29 அங்குலப் பாதரச அளவை எட்டினால் ஏறத்தாழ 25 பாகை செல்சியசிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும் என்பதால், குழாய்க்குள் தங்கிய ஈரமும் வெளியேறுகிறது. நம்மூர் வெயில் இதற்கொரு உதவிதான்! அரை மணி நேரமாவது பம்ப் ஓடிய பின், அதை நிறுத்தி அழுத்தமானியின் முள் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். முள் ஏறினால் எங்கோ கசிகிறது.

கேஸையும் பொனட்டின் கீழ் ஒட்டியுள்ள தாளில் குறித்த கிராம் கணக்கின்படி தராசில் நிறுத்தே ஏற்ற வேண்டும். தராசு இல்லாத கராஜில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.