பத்தரை இன்ச் கேட்டால் பத்தரை இன்ச் வர வேண்டும்

எங்கள் கடை சேலம் செவ்வாய்ப்பேட்டையில். வெள்ளிக் கொலுசு மட்டும்தான். ஒவ்வொரு ஜோடியிலும் அப்பா நூலில் ஒரு சின்னச் சீட்டைக் கட்டி வைத்திருப்பார். நகத்தளவு அட்டை, அதில் பால்பாயின்ட் பேனாவால் நான்கு எண்கள்: 10½, 48.200, 80, 217. முதலில் இன்ச் அளவு, அடுத்தது ஜோடியின் எடை கிராமில், பிறகு டச், அதாவது வெள்ளியின் தரம் நூற்றுக்கு எத்தனை என்பது, கடைசியில் டிசைன் எண். "பத்தரை வேணுங்க, அம்பது கிராமுக்குள்ள, சலங்கை வேண்டாம்" என்று யாராவது கேட்டால், தட்டில் இருக்கும் சீட்டுகளை விரலால் தள்ளிக்கொண்டே போய் மூன்று ஜோடியை எடுத்துச் சிவப்புத் துணியில் வைத்துவிடுவார். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

நான் போட்ட வெப்சைட்டால் அது முடியவில்லை. 380 பக்கங்கள், எல்லாவற்றிலும் நல்ல படங்கள். ஆனால் தேடல் பெட்டியில் "10.5 இன்ச் கொலுசு" என்று அடித்தால் குழந்தைத் தண்டை முதலில் வந்து நிற்கும். காரணம் பிறகுதான் புரிந்தது. எல்லாப் பக்கத்தின் அடியிலும் "5 முதல் 10.5 இன்ச் வரை கிடைக்கும்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். தேடுகிற இயந்திரத்துக்கு அதுவும் எழுத்துதான், இதுவும் எழுத்துதான். எது இந்தக் கொலுசின் அளவு, எது பொதுவாகச் சொன்னது என்று அதற்கு எப்படித் தெரியும்?

அதைச் சொல்லித் தரத்தான் கட்டமைப்புத் தரவு இருக்கிறது. பக்கத்தில் மனிதர்கள் படிக்கிற விஷயத்தையே, "இது எடை, இது அளவு, இது விலை" என்று பெயர் ஒட்டி இயந்திரத்துக்கும் எழுதி வைப்பது. இதற்கான பொதுச் சொற்களை வைத்திருக்கும் ஸ்கீமா.ஆர்க் 2011 ஜூனில் வந்தது. கூகுள், பிங், யாஹூ மூன்றும் போட்டியை ஒதுக்கி வைத்துவிட்டுச் சேர்ந்து தொடங்கியது; அதே வருடம் ரஷ்யாவின் தேடல் நிறுவனமான யாண்டெக்ஸும் சேர்ந்துகொண்டது. அதை முன்னின்று உருவாக்கியவர்களில் ஒருவர் ராமநாதன் குகா, சென்னை ஐஐடியில் மெக்கானிக்கல் படித்தவர். தளத்துக்கென்று சொந்தத் தேடலை அமைத்துக்கொள்ளும் கூகுள் கஸ்டம் சர்ச்சும் அவர் கைவண்ணம்தான். 2006-ல் வந்த அதற்கு இன்று புரோகிராமபிள் சர்ச் என்ஜின் என்று பெயர். நான் பயன்படுத்தியது அதைத்தான்.

ஆனால் முதலில் நான் ஆசைப்பட்டது வேறு. கூகுளில் தேடும்போதே எங்கள் பக்கத்தின் கீழே விலையும், "கையிருப்பில் உள்ளது" என்பதும் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். கட்டமைப்புத் தரவை எழுதும் ஒரு வடிவமான ஜேசன்-எல்டியில் பொருளின் பெயர், படம், விலை எல்லாம் எழுதினேன். கூகுளின் சோதனைக் கருவி பச்சை டிக் காட்டியது. சில வாரங்களில் விலை தெரியவும் ஆரம்பித்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

ஆவணி முகூர்த்த சமயம் நாமக்கல்லிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்தார். கையில் போன். அதில் தெரிந்த விலைக்கும் கடையில் சொன்ன விலைக்கும் 640 ரூபாய் வித்தியாசம். வெள்ளி விலை தினமும் மாறும். என் பக்கத்தில் அன்றைய விலை இருந்தது. கூகுள் எங்கள் பக்கத்தைக் கடைசியாக வந்து பார்த்த நாளின் விலையைக் காட்டிக்கொண்டிருந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை, போனில் இருந்த விலைக்கே பில் போட்டார். அவர்கள் போன பிறகு, "நாம சொன்ன வெல தானேம்மா அது" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

விலை எத்தனை நாள் வரை செல்லும் என்று எழுத ஓர் இடம் அதில் உண்டு. அதையும் போட்டுப் பார்த்தேன். எங்கள் தொழிலுக்கு அது போதாது. கடைசியில் விலையை எடுத்துவிட்டேன். விலையோ, மதிப்பீடோ, விமர்சனமோ ஒன்றாவது இல்லாமல் கூகுள் அந்தப் பொருள் விவரத்தைக் காட்டாது. "நட்சத்திரம் போட்டுடலாமே" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். பக்கத்தில் இல்லாத விமர்சனத்தை எப்படி எழுதுவது? வேண்டாம் என்றுவிட்டேன்.

அப்புறம்தான் அப்பாவின் சீட்டு ஞாபகத்துக்கு வந்தது. அதில் விலை இல்லவே இல்லை! தினமும் மாறுவதை அவர் சீட்டில் எழுதுவதில்லை. மாறாத நான்கை மட்டும்தான் எழுதுகிறார்.

சரி, அந்த நான்கையே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் அந்தத் தேடல் மட்டும் படிக்கிற பேஜ்மேப் என்கிற சின்னத் துண்டு: அளவு, எடை, டச், டிசைன். கூடவே சலங்கை உண்டா இல்லையா என்று ஒன்று. அடியில் இருந்த அந்தப் பொது வரியை அழித்தேன். இப்போது தேடல் பெட்டியில் அளவை வைத்து வடிகட்டலாம், எடை 40 முதல் 50 வரை என்று எல்லை வைக்கலாம், எடை குறைந்தது முதலில் வரும்படி அடுக்கலாம். முதல் தடவை அடுக்கு சரியாக வரவில்லை. "48.2 கிராம்" என்று எழுதியிருந்தேன்; அடுக்குவதற்கு வெறும் எண்தான் இருக்க வேண்டும். 380 பக்கத்திலும் "கிராம்" என்ற சொல்லை நீக்கினேன். அந்தத் திருத்தமும் உடனே தெரியாது. கூகுள் மறுபடி வந்து படித்துப் போன பிறகுதான் தெரியும்.

சொற்களிலும் வேலை இருந்தது. கொலுசு என்று அடிப்பார்கள், கொலுசுக்கு ஆங்கிலச் சொல்லை அடிப்பார்கள், பெங்களூரிலிருந்து பாயல் என்று அடிப்பார்கள். இன்ச், இஞ்ச் இரண்டும் வரும். ஒரே பொருள் தரும் சொற்களைச் சேர்த்துக் கொடுக்க அந்தத் தேடலில் வசதி உண்டு. கடையில் காதால் கேட்ட எல்லாவற்றையும் அதில் சேர்த்தேன்.

போன வாரம் அப்பாவை உட்கார வைத்து, பத்தரை, ஐம்பதுக்குள், சலங்கை இல்லாமல் என்று தேடிக் காட்டினேன். நான்கு ஜோடி வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "217 வந்திருக்கு, சரி" என்றார். பிறகு, "தண்டைக்கு என்ன பண்ணுவ? கொழந்தைக்கு யாரும் இன்ச் சொல்லிக் கேக்க மாட்டாங்களே, எட்டு மாசம், ஒரு வயசுன்னுதான் கேப்பாங்க" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. இப்போது ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, எந்த வயசுக்கு எத்தனை இன்ச் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு வயசு வரை எழுதியாயிற்று.