காலிப் பணியிடங்களின் கணக்கு

கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடப் படிப்புகள் தருகிற பொதுக் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். பாடம் நடத்தும் வேலை இல்லை. அட்மிஷன், ஃபைனான்ஷியல் எய்ட், லேப், லைப்ரரி, கட்டடப் பராமரிப்பு என்று வகுப்புக்கு வெளியே நடக்கிற அத்தனையையும் பார்த்துக்கொள்பவர்களை இங்கே ‘கிளாசிஃபைடு’ ஊழியர்கள் என்பார்கள், நான் அந்தக் கூட்டம். போன ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தையில் எங்கள் சங்கத்தின் குழுவில் நானும் இருந்தேன். அப்போதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எத்தனை சதவீதம் வாங்கினீர்கள்? கேட்க வேண்டிய கேள்விதான், வாடகை கட்டுகிற யாரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஆனால் அந்த அறையில் எங்களை அதிகம் போராட வைத்தது சதவீதம் இல்லை, ஆள் போடாமல் விட்டிருந்த பணியிடங்கள்.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பொதுக் கல்வி நிறுவன ஊழியர்களுக்குக் கூட்டுப்பேர உரிமை தந்தது 1975-இல் வந்த மாநிலச் சட்டம். அதன்படி இரண்டு தரப்பும் தங்கள் முதல் கோரிக்கைகளை, கல்லூரியை நிர்வகிக்கும் போர்டின் பொதுக்கூட்டத்தில் வைக்க வேண்டும், ஊர்மக்கள் படித்துக் கருத்துச் சொல்ல அவகாசம் கொடுத்த பிறகுதான் பேசத் தொடங்கலாம். ஒரு ஒப்பந்தம் 3 வருடத்துக்கு மேல் போகக் கூடாது. குழுவில் இருப்பவர்களுக்கு வேலை நேரத்திலேயே, சம்பளம் பிடிக்காமல், பேச்சுவார்த்தைக்குப் போக நியாயமான நேரம் தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. நேரம் கொடுத்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் விட்டுவிட்டுப் போன வேலையை யாரும் செய்து வைக்கவில்லை, அது அப்படியே மேசையில் காத்திருந்தது. அதுவும் ஒருவகையில் காலிப் பணியிடம்தான்.

இப்போது சதவீதம். விலைவாசிக்கு ஏற்ப மாநில அரசு கல்லூரிகளுக்குக் கூட்டித் தருகிற நிதியைத்தான் இங்கே ‘கோலா’ என்கிறோம். 2023-24-க்கு அது 8.22 சதவீதம். அறிவிப்பு வந்ததும் ஊழியர்களில் பலர் அந்த 8.22-ம் சம்பளத்தில் ஏறிவிடும் என்றே நினைத்தார்கள். அப்படி எந்த விதியும் கிடையாது. அது கல்லூரிக்கு வருகிற பணம், அதில் ஊழியருக்கு எவ்வளவு என்பதைப் பேச்சுவார்த்தை மேசையில் பேசித்தான் வாங்க வேண்டும். நிர்வாகம் தேதி கொடுப்பதும் தள்ளிப்போடுவதுமாகவே அந்த வருடத்தை ஓட்டியது, அடுத்த வருடத்துக்கான கோலா 1.07 சதவீதம் என்று வந்து நின்றது. அதன் பிறகு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்களின் பேச்சே மாறிப்போனது. ‘இந்தச் சூழ்நிலையில்’ என்று ஆரம்பிக்காத வாக்கியமே இல்லை. இழுத்தடிப்பது சோம்பேறித்தனம் இல்லை, அதிலும் ஒரு தரப்புக்கு லாபம் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த இடைவெளியில்தான் எங்கள் குழு பட்ஜெட்டைத் தோண்டியது. கல்லூரிகளை நடத்துகிற ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் வருடாவருடம் கம்யூனிட்டி காலேஜ்களுக்கான மாநிலத் தலைமை அலுவலகத்துக்கு 311 என்ற நிதி அறிக்கையை அனுப்ப வேண்டும், யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். வருட ஆரம்பத்தில் போர்டு ஒப்புதல் கொடுத்த பட்ஜெட்டையும், வருடம் முடிந்த பிறகு வந்த அந்த அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் கல்லூரியில் கிளாசிஃபைடு சம்பளத்துக்கு ஒதுக்கியதைவிடச் செலவானது குறைவு. மீதி போய்ச் சேர்ந்த இடம் கையிருப்பு. கையிருப்பு தவறில்லை, இரண்டு மாதச் செலவுக்காவது வைத்திருங்கள் என்று தலைமை அலுவலகமே சொல்கிறது. ஆனால் அதில் ஒரு பகுதி, யாரும் உட்காராத நாற்காலிகளுக்கான சம்பளம்.

அந்த நாற்காலிகளில் ஒன்று ஃபைனான்ஷியல் எய்டில் இருந்தது. மத்திய அரசின் மாணவர் உதவிக்கான ஃபாஃப்ஸா விண்ணப்பம் வழக்கமாக அக்டோபரிலேயே திறந்துவிடும். 2024-25-க்கான புதிய விண்ணப்பமோ 2023 டிசம்பர் கடைசியில்தான் வந்தது, அதன் தகவல்கள் கல்லூரிகளுக்கு வரத் தொடங்கியது மார்ச்சில். அரை வருட வேலை சில வாரங்களில் வந்து விழுந்தது. அங்கே இருக்கிற அக்கா ஒருவரை (என்னைவிட மூத்தவர், மனதுக்குள் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்) ஒரு நாள் மேசைக்கு அழைத்து வந்து பேச வைத்தோம். அவர் அழவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. கவுண்டரில் நிற்கும் மாணவரைப் பார்ப்பதா, அடித்துக்கொண்டிருக்கும் போனை எடுப்பதா, வருமானச் சான்று சரிபார்ப்புக்காகக் கிடக்கும் ஃபைலைத் திறப்பதா, மூன்றில் எதை விடச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். அந்தப் பணியிடம் ‘பரிசீலனையில்’ இருப்பதாக நிதி அதிகாரி சொன்னார். அக்கா கேட்டது அதை இல்லையே.

சட்டம் இதற்கு உதவாதா என்று கேட்கலாம். 15 நாளுக்குள் 5 வேலை நாளுக்கு மேல் ஒருவரைத் தன் பதவிக்கு அப்பாற்பட்ட வேலையைச் செய்ய வைத்தால் அதற்கேற்பச் சம்பளத்தைக் கூட்ட வேண்டும் என்று மாநிலக் கல்விச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் காலியானது அதே பதவி என்றால்? அக்கா செய்தது அவருடைய வேலையைத்தான், இரண்டு ஆள் அளவுக்கு. அதற்கு அந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. எனவே ஒப்பந்தத்தில்தான் எழுதி வாங்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிர்வாகத்தின் மேல் மட்டும் பழி போட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். கல்விச் செலவில் பாதியாவது வகுப்பு நடத்தும் ஆசிரியர்களின் சம்பளத்துக்குப் போக வேண்டும் என்று 1961-இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தக் கணக்கில் எங்களில் பெரும்பாலானவர்கள் மறுபக்கம். அப்படி ஒருவரை நியமித்தால் கல்லூரி 50 சதவீதக் கோட்டிலிருந்து கொஞ்சம் விலகுகிறது. கவுன்சிலர்களும் லைப்ரரியன்களும் அதே பக்கத்தில்தான் வருகிறார்கள். பாடத்தில் தடுமாறுகிற மாணவர் முதலில் போய் நிற்பது இந்த ஆட்களிடம்தான் என்பதை அந்தச் சட்டம் எண்ணிப் பார்க்கவே இல்லை.

கடைசியில், பேச்சு இனி நகராது என்று முட்டுக்கட்டை அறிவிக்க வேண்டியதாயிற்று, பொது ஊழியர் தகராறுகளைக் கவனிக்கும் மாநில வாரியம் மத்தியஸ்தரை அனுப்பியது. அவர் எங்களை ஒரு அறையிலும் அவர்களை இன்னொரு அறையிலும் உட்கார வைத்துவிட்டு நடுவில் நடந்துகொண்டே இருந்தார். அதிலும் முடியாவிட்டால் அடுத்தது மூன்று பேர் கொண்ட உண்மை கண்டறியும் குழு. அதன் பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் கையில் கிடைத்த 10 நாளுக்குள் நிர்வாகம் அதைப் பொதுவில் வெளியிட்டாக வேண்டும். காலிப் பணியிடக் கணக்கு அப்படி வெளியே வருவதை அவர்கள் விரும்பவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்கு முன்பே உடன்பாடு வந்துவிட்டது.

கிடைத்த உயர்வு 8.22-க்குக் கீழேதான். கூடவே ஒரு புதிய பிரிவும் கிடைத்தது. ஒரு பணியிடம் 60 நாளுக்கு மேல் காலியாக இருந்தால், அந்த அலுவலக ஊழியர்களோடு நிர்வாகம் உட்கார்ந்து பேசி, ஆள் வரும்வரை எந்த வேலையை நிறுத்தி வைக்கலாம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். பணமே இல்லாத இந்தப் பிரிவை எதிர்த்துத்தான் நிர்வாகத்தார் கடைசிவரை மல்லுக்கட்டினார்கள். ‘இந்த வேலை இப்போது நடக்காது’ என்று ஒரு மேலதிகாரி கையெழுத்துப் போடுவது அத்தனை கஷ்டமாக இருக்கிறது, பேசாமல் இரண்டு ஆள் வேலையை ஒருவர் தலையில் விடுவது சுலபம். இதுவரை இரண்டு அலுவலகங்களில் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறோம். ஒன்றில் கடிதம் எழுதுவதற்குப் பதிலாக ஆள் எடுப்பு விளம்பரமே வந்துவிட்டது. சம்பளத்துக்காக மறுபடி பேச வேண்டிய நேரம் வருகிறது, 2025-26-க்கான கோலா 2.30 சதவீதம். காலிப் பணியிடப் பட்டியலைத் துறைவாரியாக இப்போதே திரட்டிக்கொண்டிருக்கிறோம்.