“சத்தம் கூட” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

காதுக் கருவி வாங்கியது பெரிய வேலையாக இருக்கவில்லை. காசைக் கட்டினேன், இரண்டு காதிலும் மாட்டினார்கள், அந்த ஏசி அறைக்குள் எல்லாம் கணீரென்று கேட்டது. வெளியே வந்து வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறினேன். புறக்கோட்டை வருவதற்குள் இரண்டையும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

திரும்பிப் போய் “சத்தம் கூட” என்றேன். பிழை என்னுடையதுதான். கருவி மாட்டிய தம்பி எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குறைத்துவிட்டார். பஸ் அடங்கியது, கடையில் ஆட்கள் கதைப்பதும் சேர்ந்து அடங்கியது. நான் பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறவன். வயதோடு வந்த குறைபாடு, கீச்சென்ற ஒலிகள்தான் போயிருக்கின்றன. சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. அறுபதா எழுபதா என்று தெரியாமல் பில் எழுதினால் நட்டம் யாருக்கு?

அடுத்த பயணம் முழு வீண். போனில் “வாங்கோ” என்றார்கள். அரை நாள் லீவு போட்டுப் போனால், கருவியைக் கணினியில் இணைத்து மாற்றுகிறவர் செவ்வாயும் சனியும்தான் வருவாராம். “நீங்கள் கேட்கவில்லையே ஐயா” என்றது முன்மேசைப் பிள்ளை. கேட்காதபடியால்தானே அம்மா அங்கே வந்தேன்!

பிறகு மகள் ஒரு கொப்பி தந்தாள். ஒரு கிழமை எழுதினேன்: எந்த இடம், என்ன சத்தம் குத்தியது, யாருடைய குரல் தப்பியது. பஸ் இரைச்சலைப் போனில் பதிந்தும் கொண்டுபோனேன். சனிக்கிழமை அதை ஸ்பீக்கரில் போட்டுப் போட்டுத்தான் சரிசெய்தார். காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு, கருவியின் சத்தம் உள்ளே எவ்வளவு என்றும் அளந்தார். இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், கணினி முதலில் போடும் அளவு வெறும் மதிப்பீடுதான். இன்னொன்று, பொய் சொல்லாதீர்கள். நாள் முழுக்கப் போடுகிறேன் என்றேன். கருவி பதிந்து வைத்திருந்த கணக்கு இரண்டு மணித்தியாலம் என்றது.

இப்போது மூன்று புரோகிராம். வீட்டுக்குச் சாதாரணம். கடைக்கு, முன்னால் நிற்பவர் குரலைப் பிடிப்பது. மூன்றாவது கோயிலுக்கு. பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில் நாதஸ்வரத்தின் நீண்ட சுரத்தைக் கருவி தன் சொந்த விசில் என்று நினைத்து வெட்டப் பார்த்தது, சுரம் தடுமாறித் தடுமாறிக் கேட்டது. இசைக்கான புரோகிராமில் அந்தத் தொல்லை குறைவு.

கடைப் புரோகிராமோடு காலி வீதியைக் கடக்காதீர்கள். பின்னால் வரும் ஹோர்ன் மங்கலாகத்தான் கேட்கும். ஒரு ஓட்டோக்காரரிடம் நல்ல வசை வாங்கினேன். அதுவும் அரைகுறையாகத்தான் கேட்டது.

போன கிழமை ஒருவர் விலை குறைக்கச் சொல்லிக் கெஞ்சிவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் மெல்ல, “ஐந்நூற்று எழுபதுக்கும் எடுக்கலாம்டா” என்றார். நான் ஐந்நூற்று எழுபது என்றே பில் போட்டேன்.