டவுனிங் தெரு பார்ட்டி விவகாரம்: லண்டன்ல இருந்து என் நாட்குறிப்பு

1 டிசம்பர் 2021, புதன்

நேத்து மிரர் பத்திரிகைல நியூஸ் வந்துச்சு, போன வருஷம் நவம்பர் டிசம்பர்ல கொரோனா கட்டுப்பாட்டால நாம எல்லாம் வீட்டுக்குள்ள கெடந்தப்ப, பிரதமரோட வீடும் ஆபீஸும் இருக்குற டவுனிங் தெரு பத்தாம் நம்பர்ல கூட்டம் கூடி குடிச்சிருக்காங்கன்னு. இன்னைக்கு பார்லிமென்ட்ல எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டார்மர் அத நேராவே கேட்டாரு. பத்தாம் நம்பர்ல எல்லா வழிகாட்டுதலும் முழுசா பின்பற்றப்பட்டதுன்னு பிரதமர் போரிஸ் ஜான்சன் பதில் சொன்னாரு.

இத தேதி போட்டு எழுதி வைக்கிறேன். ஒரு மந்திரி தெரிஞ்சே பார்லிமென்ட்ல தப்பான தகவல் சொன்னா ராஜினாமா பண்ணணும்னு மந்திரிகளுக்கான விதித்தொகுப்புலயே இருக்கு. பார்ட்டில யார் என்ன குடிச்சாங்கறத விட இன்னைக்கு சொன்ன இந்த ஒரு வரிதான் பின்னாடி பெருசா வரும்னு எனக்கு தோணுது.

8 டிசம்பர் 2021

நேத்து ராத்திரி ஐடிவி சேனல்ல ஒரு வீடியோ போட்டாங்க. 2020 டிசம்பர் 22 அன்னைக்கு எடுத்தது. பத்தாம் நம்பர் ஆளுங்க பிரஸ் மீட்டுக்கு ஒத்திகை பாக்குறாங்க, நாலு நாள் முன்னாடி வெள்ளிக்கிழமை நடந்த பார்ட்டி பத்தி ஒருத்தர் கேக்க, செய்தித் தொடர்பாளர் அலெக்ரா ஸ்ட்ராட்டன் பதில் தெரியாம சிரிக்கிறாங்க, சுத்தி இருக்கவங்களும் சிரிக்கிறாங்க. பார்ட்டி நடந்தப்ப லண்டன் டையர் 3ங்கற கொரோனா கட்டுப்பாட்டு நிலையில இருந்துச்சு, வேற வீட்டு ஆள நம்ம வீட்டுக்குள்ள கூப்பிட முடியாது. இன்னைக்கு அவங்க அழுதுகிட்டே ராஜினாமா பண்ணிட்டாங்க. பார்ட்டி நடந்த வீட்டுக்குப் பொறுப்பானவர் அப்படியே இருக்காரு.

அதே சாயங்காலம் ஜான்சன் டிவில வந்து ஒமிக்ரான் வேகமா பரவுது, முடிஞ்சவங்க வீட்ல இருந்தே வேலை பாருங்க, மாஸ்க் போடுங்கன்னு பிளான் பி அறிவிச்சாரு. அவர் சொன்னது மருத்துவ ரீதியா சரிதான், நான் கேட்டுக்குவேன். ஆனா எத்தன பேர் கேப்பாங்க? 2020 மே மாசம் இவரோட ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் லாக்டவுன் நடுவுல லண்டன்ல இருந்து டர்ஹாமுக்கு 260 மைல் கார்ல போனது வெளிய வந்துச்சு, கண்ணு சரியா தெரியுதான்னு பாக்க பார்னார்ட் காசில்ங்கற ஊர் வரைக்கும் ஓட்டிப் பாத்தேன்னு விளக்கம் குடுத்தாரு, பதவி போகல. அந்த செய்தி வந்த நாள்ல இருந்தே இங்கிலாந்துல அரசு மேல இருந்த நம்பிக்கை சரிஞ்சதையும், ஸ்காட்லாந்து வேல்ஸ்ல அப்படி சரியலங்கறதையும் லண்டன் யுசிஎல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் லான்செட் மருத்துவ இதழ்ல எழுதினாங்க. ஸ்காட்லாந்துல தலைமை மருத்துவ அதிகாரி கேத்தரின் கால்டர்வுட் தன்னோட இன்னொரு வீட்டுக்குப் போனது தெரிஞ்ச அன்னைக்கே பதவி விலகிட்டாங்க. அந்த வித்தியாசம் ஜனங்களுக்கு நல்லாவே தெரியும்.

14 ஜனவரி 2022, பொங்கல்

ஈஸ்ட் ஹாம்ல எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி யாழ்ப்பாணத்துக்காரங்க, காலையிலயே பொங்கல் குடுத்து விட்டாங்க. ஏனத்த திருப்பிக் குடுக்கப் போனா டிவில இதே செய்திதான் ஓடுது. ரெண்டு நாள் முன்னாடி ஜான்சன் பார்லிமென்ட்ல ஒத்துக்கிட்டாரு, 2020 மே 20 அன்னைக்கு பத்தாம் நம்பர் தோட்டத்துல நடந்த கூட்டத்துல 25 நிமிஷம் இருந்தேன், ஆபீஸ் வேலைன்னு நினைச்சேன்னு. சரக்கு நீங்களே கொண்டு வாங்கன்னு 100 பேருக்கு மெயில் போன கூட்டம் அது. அதே நாள் சாயங்காலம் மந்திரி ஆலிவர் டவுடன் டிவில நின்னு, வெளியில ஒரே ஒரு ஆள பாக்கலாம், ரெண்டு மீட்டர் தள்ளி நிக்கணும்னு நமக்கு சொல்லிட்டு இருந்தாரு.

ஆன்ட்டியோட வீட்டுக்காரர் 2020 ஏப்ரல்ல ஆஸ்பத்திரில இறந்தாரு. நர்ஸ் ஒருத்தர் ஐபேட முகத்துக்கு நேரா பிடிச்சு காட்டுனதுதான் கடைசி. பெட்டியத் திறக்க விடல, வாய்க்கரிசி போடல, பேரப்பிள்ளைங்க பந்தம் பிடிச்சு சுத்தி வரணும், அவங்க பர்மிங்ஹாம்ல உக்காந்து ஜூம்ல பாத்தாங்க. ஆன்ட்டி டிவிய பாத்துக்கிட்டே சொன்னாங்க, "தம்பி, எங்களுக்கு ஒருத்தரும் விலக்குத் தரேல்ல, நாங்களும் கேக்கேல்ல. மற்றவைக்குப் பரவக்கூடாது எண்டுதானே வீட்டை இருந்தனாங்கள்." அதுக்கு மேல அவங்களும் பேசல, எனக்கும் பேச வரல.

இன்னைக்கு இன்னொன்னு. போன வருஷம் ஏப்ரல் 16 ராத்திரி பத்தாம் நம்பர்ல ரெண்டு பார்ட்டி. மறுநாள் இளவரசர் பிலிப்போட இறுதிச் சடங்கு, விண்ட்சர்ல மகாராணி மாஸ்க் போட்டுக்கிட்டு தனியா உக்காந்திருந்தாங்க. அரண்மனைகிட்ட பத்தாம் நம்பர் இன்னைக்கு மன்னிப்பு கேட்டிருக்கு. ஆன்ட்டி வீட்டுக்கும் ஒரு மன்னிப்பு கடிதாசி வரணும்ங்கறேன், அவங்கள மாதிரி எத்தன ஆயிரம் குடும்பம் இருக்கு.

31 ஜனவரி 2022

இந்த பார்ட்டிகள பத்தின அரசு விசாரணைய யார் நடத்துறாங்கன்னு பாத்தா மனசு ஆறவே மாட்டேங்குது. முதல்ல அமைச்சரவைச் செயலாளர் சைமன் கேஸ், அவரோட ஆபீஸ்லயே பார்ட்டி நடந்ததா செய்தி வந்ததும் ஒதுங்கிட்டாரு. அப்புறம் சூ கிரே, நேர்மையான அதிகாரின்னுதான் எல்லாரும் சொல்றாங்க, ஆனா அவங்களும் அரசு ஊழியர், அறிக்கைய குடுக்க வேண்டியது பிரதமர்கிட்டயே. லண்டன் போலீஸ் முதல்ல பழைய மீறல்களை வழக்கமா விசாரிக்கிறதில்லன்னு சொல்லிட்டு இப்ப திடீர்னு விசாரணைன்னு இறங்க, அதனால சூ கிரே இன்னைக்கு விட்டது சில பக்கம்தான், உள்ள நடந்தது எதுவும் இல்லாம. தலைமையும் முடிவெடுத்த விதமும் தவறியிருக்குன்னு மட்டும் எழுதிருக்காங்க.

12 ஏப்ரல் 2022

ஜான்சனுக்கும் நிதி மந்திரி ரிஷி சுனக்குக்கும் அபராதம். 2020 ஜூன் 19, கேபினட் ரூம்ல பிறந்தநாள் கூட்டம். 50 பவுண்டு. பதவியில இருக்கும்போதே சட்டத்தை மீறுனதா முடிவான முதல் பிரதமர் இவர்தான்.

இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் லாக்டவுன் அபராதம் ஒரு லட்சத்துக்கு மேல போட்டிருக்காங்க. கட்டாதவங்க கேஸ் ஒரே ஒரு மாஜிஸ்ட்ரேட் பேப்பர பாத்து மூடுன ரூம்ல முடிச்சதும் உண்டு, வக்கீலும் கிடையாது, ஆளும் நேர்ல கிடையாது. அவங்களுக்கு யாரும் ஆபீஸ் வேலைன்னு நினைச்சேன்னு சொல்ல நேரம் குடுக்கல.

26 மே 2022

சூ கிரேயோட முழு அறிக்கை நேத்து வந்துச்சு, ராத்திரி உக்காந்து படிச்சு முடிச்சேன். போலீஸ் போட்ட அபராதம் மொத்தம் 126, 83 பேருக்கு, அதுல 48 பேர் பெண்கள். ஜான்சனுக்கு ஒன்னே ஒன்னு. 2020 நவம்பர் 13 அன்னைக்கு அவர் கிளாஸ தூக்கிப் பிடிச்சு நிக்கிற போட்டோ இந்த வாரம் வெளிய வந்திருக்கு, அந்த தேதி கூட்டத்துக்கு அபராதம் உண்டு, அவருக்கு இல்ல, ஏன்னு போலீஸ் சொல்லவும் இல்ல.

ஆனா என்னால தாண்டிப் போக முடியாத இடம் வேற. பத்தாம் நம்பர்ல செக்யூரிட்டி ஆளுங்களையும் க்ளீனர்களையும் மரியாதை இல்லாம நடத்துன சம்பவங்கள் பல இருந்துச்சுன்னு எழுதிருக்காங்க. டிசம்பர் 18 பார்ட்டிக்கு மறுநாள் காலையில வந்த க்ளீனர் செவுத்துலயும் ஜெராக்ஸ் பேப்பர் டப்பாக்கள் மேலயும் ரெட் ஒயின் கொட்டி இருந்தத பாத்திருக்காங்க. நான் படிக்க வந்த புதுசுல, 2020ல, ஆஸ்பத்திரி வார்டுல க்ளீனிங் வேலைதான் பாத்தேன். குளோரின் மாத்திரைய தண்ணில கரைச்சு கட்டில் கம்பி, சுவிட்ச், கதவுப் பிடின்னு ஒவ்வொன்னா தொடைக்கணும், ஒரு பேஷன்ட் போனதும் அடுத்தவர் வர்றதுக்குள்ள முடிக்கணும், கையுறைக்குள்ள தோல் உரிஞ்சு எரியும். கூட வேலை பாத்த கானா நாட்டு அக்கா பஸ்ல ஏறவே பயப்படுவாங்க, ஆனாலும் லீவு போடல. நாங்க தொடைச்ச அதே மாசங்கள்ல, நாட்டுக்கே ரூல் எழுதுன கட்டடத்துல, எங்கள மாதிரி ஒருத்தர் விடிஞ்சதும் ஒயின தொடைச்சிருக்காங்க. அத தடுக்கப் பாத்தவங்களுக்கு மரியாதையும் கிடைக்கல. இதுக்கு எந்த அபராதமும் கிடையாது, சட்டத்துல இடமே இல்ல.

27 மே 2022

மந்திரிகளுக்கான விதித்தொகுப்ப ஜான்சன் இன்னைக்கு திருத்திட்டாரு. சின்ன மீறல்னா பதவி போக வேண்டாம், மன்னிப்பு கேட்டாலோ கொஞ்ச நாள் சம்பளம் வெட்டுனாலோ போதும். அறிக்கை வந்து ரெண்டே நாள்.

22 மார்ச் 2023

ஜான்சன் போன ஜூலைலயே பதவி விலகுறதா அறிவிச்சு, செப்டம்பர்ல பிரதமர் பதவிய விட்டு போயிட்டாரு, அது பாலியல் புகாருக்கு ஆளான அவர் கட்சி எம்பி கிறிஸ் பிஞ்சர் விவகாரத்துல கூட இருந்த மந்திரிகளே கூட்டமா விலகுனதால. பார்ட்டி கேள்வி அப்படியே நிக்குது. அவர் சபைய தவறா நம்ப வெச்சாரான்னு விசாரிக்கிற பார்லிமென்ட் உரிமைக் குழு முன்னாடி இன்னைக்கு பைபிள் மேல சத்தியம் பண்ணி மூணு மணி நேரத்துக்கு மேல பதில் சொன்னாரு. குழுவுல ஏழு பேர், தலைவர் லேபர் கட்சி ஹாரியட் ஹார்மன், ஆனா நாலு பேர் ஜான்சனோட சொந்தக் கட்சிக்காரங்க. வேலைய விட்டுப் போறவங்களுக்கு நன்றி சொல்றது அவசியமான வேலைதான்னு அவர் அடிச்சு சொன்னாரு. அப்படின்னா ஆஸ்பத்திரில செத்துப்போன நர்ஸுங்களுக்கு நாங்க ஒன்னா கூடி அஞ்சலி செலுத்துனது அவசியம் இல்லையா? எங்கள ரெண்டு மீட்டர் தள்ளி நிக்கத்தான் சொன்னாங்க, நின்னோம்.

15 ஜூன் 2023

உரிமைக் குழு அறிக்கை வந்துடுச்சு. ஜான்சன் வேணும்னே சபைய தவறா நம்ப வெச்சாருன்னு தெளிவா எழுதிட்டாங்க. போன வாரமே அவர் எம்பி பதவிய விட்டுட்டாரு, இல்லன்னா 90 நாள் சஸ்பெண்ட் பண்ணச் சொல்லியிருப்போம்ங்கறாங்க. 2021 டிசம்பர் 1ல சொன்ன அந்த ஒரு வரியும் அதுல இருக்கு. ஜான்சனுக்குக் கீழ இல்லாத ஒரு குழு விசாரிச்சப்பதான் உண்மை இவ்வளவு பச்சையா எழுத்துல வந்திருக்கு.

19 ஜூன் 2023

சபை அறிக்கைய ஏத்துக்கிச்சு, 354க்கு 7. கேபினட் ரூம் கூட்டம் நடந்து இன்னைக்கோட மூணு வருஷம். இப்ப பிரதமரா இருக்குற சுனக் ஓட்டுப் போட வரல, அவரும் அதே கூட்டத்துக்கு அபராதம் கட்டினவர்தான், வந்து ஆமான்னோ இல்லன்னோ ஒரு பக்கம் நின்னிருக்கணும்.

போன வாரம் முன்னாள் நீதிபதி ஹெதர் ஹாலெட் தலைமையில கோவிட் விசாரணை சாட்சி கேக்க ஆரம்பிச்சுடுச்சு, பேடிங்டன்ல வாசல்ல குடும்பங்கள் போட்டோவோட நின்னாங்க. ஜான்சனோட வாட்ஸாப் மெசேஜ், டைரி எல்லாத்தையும் முழுசா குடுங்கன்னு ஹாலெட் கேக்க, மாட்டேன்னு அரசோட கேபினட் ஆபீஸ் கோர்ட்டுக்குப் போயிருக்கு. பொது விசாரணைய அமைச்சது இவங்களே, அதுக்கே ஆவணம் குடுக்க மாட்டேங்கறாங்க. தீர்ப்பு வந்ததும் எழுதுறேன்.