கொல்லைப்புறக் குளம், ஐந்து மாதம், ஒரு வைவா: ஜூனியர்களுக்கு

ரிசல்ட் போன வியாழக்கிழமை வந்தது. பி.எஸ்சி. தோட்டக்கலை கடைசி செமஸ்டர், இஎல்பி (அனுபவவழிக் கற்றல் திட்டம்) பாடத்தில் லேண்ட்ஸ்கேப் பிரிவு, 10-க்கு 8.2. இடையில் நடந்த மதிப்பீட்டில் நான் வாங்கியது 6.5. அதனால் வியாழக்கிழமை அந்த எண்ணைப் பார்த்ததும் போனைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை. அந்த 6.5 ஏன் வந்தது என்பதை உள்ளபடி சொன்னால் அடுத்த பேட்சில் நீர்ச்செடிக் குளத்தை ப்ராஜெக்டாக எடுப்பவர்களுக்கு உதவும். இஎல்பி எப்படி நடக்கும், ரெக்கார்டு எப்படி எழுத வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படியுங்கள். தண்ணீர் பச்சையானால் தண்ணீரை மாற்றாதீர்கள்.

எங்கள் குளம் மதுரையில் என் சித்தி வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. நீளம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டர், ஆழம் 60 செ.மீ. நீளமான ஒரு பக்கத்தில் மட்டும் 40 செ.மீ. அகலத்துக்கு ஒரு படி, அந்தப் படியில் தண்ணீர் 20 செ.மீ. நிற்கும். அடியில் மணல் பரப்பி மேலே சில்பாலின் தார்ப்பாய் விரித்தோம். ஜனவரி மூன்றாவது வாரம் பொங்கல் கழிந்ததும் தோண்ட ஆரம்பித்து, மாதக் கடைசிக்குள் செடி வைத்துவிட்டோம். இதுவரை எல்லாம் சரி.

தப்பு தொட்டி மண்ணில் நடந்தது. மூன்று வருடமாக எந்தத் தொட்டிக்கு மண் கலந்தாலும் செம்மண், மணல், மக்கிய தொழு உரம் என்றுதானே கை போகும்? அல்லிக்கும் அப்படியே கலந்தோம். வளமாக இருக்கட்டும் என்று மண்புழு உரம் இரண்டு கை கூடப் போட்டது நான்தான். கொஞ்சம் தென்னை நார்க் கழிவும் போட்டோம், அது அன்று சாயங்காலமே மேலே மிதந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தண்ணீருக்குள் வைக்கும் தொட்டியில் இருக்கிற சத்து தொட்டியிலேயே இருக்காது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்து வெளியே வரும், செடி வேர் பிடிப்பதற்குள் பாசி அதைத் தின்றுவிடும். மூன்றாவது வாரம் குளம் முழுக்க அரைத்த கொத்தமல்லித் துவையலைக் கரைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. "தண்ணி ஏன்டி இப்படி ஆயிருச்சு, கொசு வராதா?" என்று சித்தி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

மதிப்பீட்டுக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. பயத்தில் முழுத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டோம். ஐந்து நாள் பளிங்கு மாதிரி இருந்தது, எட்டாவது நாள் மறுபடி பச்சை. மறுபடி இறைத்தோம். இந்த முறை குழாய்த் தண்ணீரை நிரப்பி கொசுவுக்காக வளர்த்த கப்பி மீனையும் அன்றைக்கே திருப்பி விட்டோம். மறுநாள் காலையில் பதினொரு மீன் செத்து மிதந்தது. குளோரின் போக ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள் தண்ணீர் திறந்து கிடக்க வேண்டும் என்பது புத்தகத்தில் படித்ததுதான், அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை. மதிப்பீட்டு அன்று குளம் மூன்றாவது முறையாகப் பச்சை.

வழிகாட்டி ஆசிரியர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சத்து எங்கேயிருந்து வருதுன்னு பாத்தீங்களா?" பார்க்கவில்லை. புதுத் தண்ணீர் விடும்போதெல்லாம் தொட்டியிலிருந்து புதிதாகச் சத்து கரைகிறது, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து வந்த வேரும் அசைந்துவிடுகிறது, பாசியைத் தின்னும் நீர்ப்பூச்சிகளையும் சேர்த்துச் சாக்கடையில் கொட்டுகிறோம். இதில் குளம் எப்படித் தெளியும்?

மார்ச் தொடக்கத்தில் தொட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். ஊர்ப்பக்கம் கண்மாய்க் கரம்பை வாங்கி வந்து, உரம் எதுவும் கலக்காமல், அந்தக் களிமண்ணிலேயே அல்லியை நட்டோம். மேலே இரண்டு விரல்கடை கனத்துக்குக் கூழாங்கல். தண்ணீரை மாற்றவில்லை. வேலம்பாசி (பெயரில்தான் பாசி, தண்ணீருக்குள் வளரும் செடி) இருபத்தைந்து கொத்து போட்டோம். அவ்வளவுதான், பிறகு காத்திருந்தோம். முதல் பத்து நாள் ஒன்றுமே நடக்கவில்லை. குழுவில் ஒருத்தி பாசிக்கொல்லி வாங்கலாம் என்றாள், எனக்கும் அழுகை வந்த நாட்கள்தான் அவை. 24-ஆவது நாள் படியின் விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த நாட்களில் என்னைக் காப்பாற்றியது ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. கடல்நீரின் தெளிவை அளக்க 1865-இல் ஆஞ்சலோ செக்கி கொண்டுவந்த வட்டத்தகடு பாடத்தில் வரும் இல்லையா, அதே வேலைதான். தட்டைக் கயிற்றில் கட்டி, கயிற்றில் செ.மீ. குறித்து, தினமும் காலை ஒன்பது மணிக்கு இறக்குவேன், தட்டு மறையும் ஆழத்தை எழுதிக்கொள்வேன். மார்ச் 4 அன்று 11 செ.மீ., பத்து நாள் கழித்து 14. கண்ணுக்கு ஒரே பச்சைதான், ஆனால் நோட்டில் 3 செ.மீ. ஏறியிருந்தது. அந்த மூன்று சென்டிமீட்டர் இல்லையென்றால் நான் மூன்றாம் முறையும் இறைத்திருப்பேன். ஏப்ரல் முதல் வாரத்தில் தட்டு தரை வரை தெரிந்தது. வெளித் தேர்வாளர் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதிக நேரம் புரட்டியது இந்தப் பக்கங்களைத்தான். செடிப் பட்டியலை அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

தினமும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்வது எனக்குப் பிடிக்கும், அதனால் இது ஒத்துவந்தது. உங்களுக்கு அது ஆகாதென்றால் குளம் எடுக்காதீர்கள், செங்குத்துத் தோட்டமோ புல்தரையோ எடுங்கள். கடைசி நேரத்தில் உழைத்து மீட்கிற விஷயமில்லை இது.

செடித் தேர்வு. முதல் திட்டத்தில் பதினான்கு வகை எழுதியிருந்தோம், கடைசியில் நின்றது ஏழு. தண்ணீர்ப் பரப்பில் பாதியிலிருந்து அறுபது சதவீதம் வரை இலை மூடினால் போதும். எங்கள் குளத்தின் பரப்பு 6 சதுர மீட்டர், ஓர் அல்லி நன்றாக விரிந்தால் ஒரு சதுர மீட்டருக்கு மேல் பிடிக்கும். இந்தக் கணக்கை முதலில் போட்டிருந்தால் பட்டியல் தானாகவே சுருங்கியிருக்கும்.

- அல்லி இரண்டு. ஒன்று பகலில் பூக்கும் நீலம், ஒன்று இரவில் பூக்கும் சிவப்பு. வைவா பகலில் நடக்கும், அதனால் பகலில் பூப்பது ஒன்றாவது கட்டாயம் இருக்கட்டும். நடும்போது குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். முதலில் செங்கல் அடுக்கி உயரமாக வைத்து, இலை வர வர இறக்குங்கள்.
- தாமரை ஒன்று, தனி டப்பில். டப்பில் ஓட்டை இருக்கக் கூடாது, வாய் அரை மீட்டராவது அகலம் வேண்டும். கிழங்கின் நுனிக் குருத்து ஒடிந்தால் கிழங்கு அழுகும், கண்மாயிலிருந்து எடுத்து வரும்போது ஈரச் சாக்கில் சுற்றிக் கையிலேயே வைத்திருங்கள். தாமரையை டப் இல்லாமல் குளத்துக்குள் விட்டால் அடுத்த வருடம் குளம் தாமரைக்கு மட்டும்தான்.
- வேலம்பாசி. இந்தச் செடிதான் குளத்தைத் தெளிய வைத்தது. ஆனால் மாதம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கையாவது வாரி எடுக்க வேண்டும். வாரியதைக் கரையிலேயே போட்டுவைத்தால் அழுகிச் சத்து திரும்ப உள்ளே போகும், தூரக் கொண்டுபோய் மக்கவிடுங்கள்.
- படியில் வசம்பு, நீர்ப்பிரம்மி, குடைக்கோரை. வல்லாரையைக் கரை ஈரத்தில் வைத்தோம். சித்தி துவையலுக்குப் பறிப்பார், அதுவே அதற்குக் கவாத்து.

வைக்கக் கூடாதவை:

- வெங்காயத்தாமரை. தண்ணீரை வேகமாகத் தெளிய வைக்கும் என்பது உண்மைதான், சத்தை உறிஞ்சும். ஆனால் வெயில் காலத்தில் இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும், மழையில் ஒரு செடி வாய்க்காலுக்குப் போனால் கண்மாய்க்கும் போகும். அமேசான் பக்கத்திலிருந்து வந்த செடி நம் நீர்நிலைகளை என்ன செய்திருக்கிறது என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைத் திட்டத்தில் எழுதினாலே மதிப்பெண் குறையும், குறையவும் வேண்டும்.
- சம்பு. கிழங்கு நுனி கூர்மை, தார்ப்பாயைக் குத்திக் கிழிக்கும்.
- நெகிழி அல்லிப் பூ. பக்கத்துக் குழு போட்டுத் திட்டு வாங்கியது.

பராமரிப்பில் எங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன். வேப்பமரம் பக்கத்தில் இருந்தால் மாசி பங்குனியில் இலை கொட்டும், அப்புறம் பூ கொட்டும். அந்த இரண்டு மாதம் மேலே வலை கட்டுங்கள், இல்லையென்றால் தினமும் அரித்து எடுக்க வேண்டும். ஏப்ரலில் ஒரு நாளைக்கு 6 மி.மீ. வரை தண்ணீர் இறங்கியது, எங்கள் பரப்புக்கு அது 36 லிட்டர், அதாவது இரண்டு வாளி. முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீரை மறுநாள் ஊற்றினோம். வாரம் ஒருமுறை மொத்தமாக ஊற்றுவதைவிட இது நல்லது. உரம் வேண்டுமென்றால், வேர் பிடித்த பிறகு, காகிதத்தில் பொட்டலம் கட்டித் தொட்டியின் களிமண்ணுக்குள் விரல் ஆழத்துக்குப் புதைக்க வேண்டும், மேலே தூவினால் பாசிக்குத்தான் போகும். அல்லி இலையில் அசுவினி வந்தால் ஹோஸால் தண்ணீரை அடித்துக் கீழே தள்ளுங்கள், மீன் தின்றுவிடும். மீன் இருக்கும் குளத்தில் மருந்து அடிக்கவே கூடாது. இலையில் வட்டமாக வெட்டிய ஓட்டை, பக்கத்தில் சின்ன இலைத்துண்டு மிதக்கிறது என்றால் அந்தத் துண்டுக்குள் புழு இருக்கும், கையால் பொறுக்குங்கள்.

கொசுவுக்குக் கப்பி பத்துப் பதினைந்து போதும். கோய் மீன் அழகுதான், ஆனால் தொட்டி மண்ணைக் கிளறிச் செடியைப் பிடுங்கிவிடும்.

வைவாவில் கேட்டவை, நினைவில் இருக்கிற வரிசையில்:

1. தார்ப்பாய் அளவு எப்படி எடுத்தீர்கள்? நீளத்தோடு ஆழத்தை இரண்டு முறை கூட்டி, கரை மடிப்புக்கு 60 செ.மீ. சேர்க்க வேண்டும். எங்களுக்கு 4.8 மீட்டருக்கு 3.8 மீட்டர்.
2. கொள்ளளவு? 3,600 லிட்டர் என்றேன். "படியைக் கழிச்சீங்களா?" என்றார். கழித்தால் 3,120. இந்த இடத்தில் தடுமாறினேன், நீங்கள் கழித்து வையுங்கள்.
3. பூ இல்லாதபோது தாமரையையும் அல்லியையும் எப்படிப் பிரிப்பீர்கள்? அல்லி இலையில் காம்பு வரை பிளவு இருக்கும், தாமரை இலை முழு வட்டம், தண்ணீர் ஒட்டாமல் உருளும், காம்பில் சின்ன முள் இருக்கும். இரண்டும் வேறு வேறு குடும்பம் என்பதையும் சொல்லுங்கள், அதைக் கேட்கத்தான் அவர் காத்திருந்தார்.
4. மீன் எந்த நேரத்தில் மேலே வந்து வாயைத் திறக்கும்? விடியற்காலையில். இரவு முழுக்கப் பாசியும் செடியும் சேர்ந்து பிராணவாயுவைச் செலவழித்திருக்கும்.
5. பச்சைத் தண்ணீரில் பிற்பகல் பிஎச் (அமில-காரத் தன்மை அளவு) ஏன் ஏறுகிறது? பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால். எங்கள் நோட்டில் காலை 7.5, மதியம் 9 என்று இருந்தது, அதைக் காட்டினேன்.
6. மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள்?

ஆறாவது கேள்விக்கு நான் தொட்டி மண் என்று சொன்னேன், ஏன் என்று பத்து நிமிடம் பேசினேன். இறைத்துக் கொட்டிய இரண்டு முறையையும், செத்த பதினொரு மீனையும் மறைக்காமல் தேதியோடு ரெக்கார்டில் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டுச் சுத்தமாக எழுதச் சொல்லிச் சீனியர் ஒருவர் அறிவுரை சொன்னார், கேட்கவில்லை. 6.5-இலிருந்து 8.2-க்கு வந்தது அந்தப் பக்கங்களால்தான் என்று உறுதியாக நம்புகிறேன். இடை மதிப்பீட்டில் போன மதிப்பெண் போனதுதான், அது இன்னும் வலிக்கிறது. ஜனவரியில் ஒரு சாக்குக் கரம்பை வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கும்.

வைவா அன்று நீல அல்லி மூன்று பூத்திருந்தது, தாமரையில் இலை மட்டும்தான். அது முடிந்து ஒன்பதாவது நாள் சித்தி போட்டோ அனுப்பினார், தண்ணீருக்கு மேலே ஒரு முழம் எழும்பி முதல் மொட்டு. தட்டும் கயிறும் இப்போது சித்தியிடம் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு அவரே இறக்கிப் பார்த்துவிட்டு எனக்கு எண்ணை மட்டும் அனுப்புகிறார்.