சித்தப்பா வயலுக்கு வாரக் கணிப்பு: நாலு வாரம் ஆச்சு

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியதிலிருந்து, ஐப்பசி பிறந்தாலே எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் வானத்தின் மேல்தான் கண். சித்தப்பா கேட்பது ஒரே கேள்வி: "யூரியா போடலாமாடா, நாலு நாள் பொறுக்கணுமா?" செல்போனில் வரும் அறிவிப்பு மாவட்டம் முழுவதுக்கும் பொது. எங்களுக்கு வேண்டியது ஒன்பது மா (சுமார் மூன்று ஏக்கர்) சம்பா நெல்லுக்கு. அதனால் இந்த வருஷம் ஞாயிறுதோறும் நானே ஏழு நாள் கணிப்பு எழுதி, பெய்த மழையை அளந்து பக்கத்தில் குறித்து வருகிறேன்.

அளக்க, 20 செ.மீ. வாய் அகலமுள்ள புனல், கீழே ஒரு கேன். வாயின் பரப்பு 314 சதுர செ.மீ., ஆகவே 31.4 மில்லி தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. வானிலை மையம் கணக்கை முடிக்கும் காலை 8.30 மணிக்கே நானும் அளக்கிறேன். முதலில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தது தப்பு. வடக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றில் சாய்ந்து வரும் மழையைத் தொட்டி மறைத்துவிட்டது. அதே அளவுப் புனலோடு இன்னொரு கேனைக் களத்தில் வைத்துப் பார்த்தேன்: அங்கே 612 மில்லி, இங்கே 430! அன்றே களத்துக்கு மாற்றினேன். துளி தெறித்து வெளியே போகாமலிருக்க, புனல் விளிம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தகட்டால் ஒரு சாண் உயரத்துக்குச் சுவர் கட்டினேன்.

கணிப்பில்தான் சரியாக அடி வாங்கினேன். முதல் ஞாயிறு ஐரோப்பிய மாடல் (கம்ப்யூட்டர் போடும் வானிலைக் கணிப்பு) வியாழனுக்கு 90 மி.மீ. காட்டியது. "வியாழன் கனமழை" என்று எழுதிக் கொடுத்தேன். சித்தப்பா உரத்தை நிறுத்திவிட்டார். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி ஆந்திரா பக்கம் ஏறிப் போக, இங்கே மேலக்காற்று திரும்பி, வியாழன் முழுக்க வெயில். கேனில் ஒரு சொட்டு இல்லை. "போவுது விடு" என்றார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பயிர் உரத்துக்கு ஏங்கி நின்ற நாட்கள் அவை.

அதிலிருந்து மூன்று நாளுக்கு மட்டும் அளவு எழுதுகிறேன், அதுவும் 10–25 என்பது போல. நாலாவது நாளிலிருந்து 'வாய்ப்பு அதிகம்', 'குறைவு', அவ்வளவுதான். அமெரிக்க மாடலும் ஐரோப்பிய மாடலும் தாழ்வை வெவ்வேறு இடத்தில் காட்டினால், அதையும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

காற்றின் திசை பார்க்க, மூங்கில் கழியில் கட்டிய ரிப்பன் துணி பெரிய உதவி. காற்றை எதிர்த்து நின்றால் தாழ்வு நம் வலக்கைப் பக்கம் இருக்கும். வாடை அடித்தால் கிழக்கே கடலில், மேலக்காற்று என்றால் நமக்கு வடக்கே போய்விட்டது. கிழக்கிலிருந்து கொண்டல் வீச ஆரம்பித்தால் நான் காரைக்கால் ரேடார் படத்தை விட்டு நகர்வதில்லை. இன்னொன்றும் கவனித்தேன்: குறித்து வைத்த மழையில் பெரும்பகுதி நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான். ராத்திரி கடல்மேல் திரளும் மேகம் விடியும் முன் கரையேறுகிறது. ஆறு மணிக்கு இருட்டிக்கொண்டு நின்ற வானம் பத்து மணிக்கு வெளுத்த நாட்கள் பல.

நாலாவது ஞாயிறு எழுதியது: "திங்கள், செவ்வாய் 5 மி.மீ.க்குள். புதன் 10–25. பிறகு வாய்ப்பு அதிகம்." சித்தப்பா அன்று சாயங்காலமே மடையைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, திங்கள் காலை யூரியா வீசினார். ராத்திரி இரண்டு முறை எழுந்து வானத்தைப் பார்த்தேன். செவ்வாய் காலை கேனில் 40 மில்லி. 1.3 மி.மீ.